குடியாத்தத்திலிருந்து ஓவியம் கற்க: எங்கே போவது, யாரிடம் காட்டுவது?

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்தவர். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் பேட்டர்ன் வெட்டும் வேலை. ஞாயிறு மட்டும் விடுமுறை. 9 வயதில் ஒரு மகள். பள்ளி நாளிலிருந்தே போட்டோவின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் தாளில் பெரிதாக்கி, நடிகர் நடிகையர் முகங்களைப் பென்சிலில் வரைந்து வருகிறார். உறவினர்கள் “அச்சு அசல்” என்கிறார்கள். ஆனால் எதிரே இருக்கிற ஒரு சொம்பைப் பார்த்து வரைய உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது.

போன வருடம் சேமிப்பிலிருந்து 9,000 ரூபாய்க்கு எண்ணெய் வண்ணமும் கான்வாஸும் வாங்கினார். தீட்டிய இரண்டு படமும் சில மாதத்தில் வெடிப்பு விட்டன. டர்பன்டைன் வாசனையில் தலைவலி வந்ததுதான் மிச்சம். இப்போது செல்போன் விளம்பரத்தில் பார்த்த, “அரசு அங்கீகாரம் பெற்ற” 6 மாத இணையவழி நுண்கலை டிப்ளமோவுக்கு 6,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். மீதி 30,000 ரூபாயை இந்த மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார்கள். வீட்டில் “இந்த வயசுல எதுக்கு” என்ற பேச்சு. மூத்த ஓவியர்களிடம் இணையத்தில் வழி கேட்டால் “நிறைய பயிற்சி பண்ணுங்க” என்று ஒற்றை வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். டிப்ளமோவில் சேரலாமா, கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு இனி உண்டா, வேலூர்ப் பக்கம் முறையாகக் கற்க வழியே இல்லையா, எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

மீதி 30,000 ரூபாயைக் கட்டாதீர்கள். பணம் எங்கேயும் ஓடிப்போகாது, மாதக் கடைசிக் கெடுவும் உங்களை அவசரப்படுத்தத்தான். நீங்கள் அனுப்பிய ஏழு படங்களையும், அந்தப் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்களிடம் இல்லாத ஒன்றை அந்தப் பாடம் தரப்போவதில்லை. முதல் இரண்டு மாதமும் போட்டோவைப் பார்த்துப் பென்சில் ஷேடிங் என்று போட்டிருக்கிறார்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே நன்றாக வருகிறது. உங்களுக்கு வராதது எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து அளப்பது. அந்தப் பெயரில் பாடத்திட்டத்தில் ஒரு வகுப்புகூட இல்லை.

கட்டம் போட்டு வரைவதைப் பற்றி நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வெட்கம் வேண்டாம். பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் சினிமா பேனர் வரைந்த கைதேர்ந்த ஓவியர்கள் பலரும் கட்டம் போட்டுத்தான் பெரிதாக்கினார்கள். இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைவதும் குற்றமில்லை. டச்சு மேதை ரெம்ப்ராண்ட் தன் ஐம்பது வயதையொட்டி முகலாயச் சிற்றோவியங்களை எடுத்துவைத்துக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டம் போட்டால் “இந்தக் கோடு இந்தக் கட்டத்தின் கால் பாகத்தில் தொடங்குகிறது” என்பதை மட்டும் கண் பார்க்கிறது. மூக்கு நெற்றியைவிட எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று அது யோசிப்பதே இல்லை. அதிலும் செல்போனில் பக்கத்தில் போய் எடுத்த முகப்படத்தில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழுந்திருக்கும். அந்தப் பிழையையும் சேர்த்தே நீங்கள் நகல் எடுக்கிறீர்கள். அதனால்தான் சொம்புக்கு முன்னால் கை நிற்கிறது. கட்டத்தைப் போட்டுக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.

உங்கள் வேலையே இதற்குப் பாதி மருந்து என்பதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். லாஸ்ட் என்கிற கால் வடிவ ஷூ அச்சின்மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, உரித்துத் தட்டையாக்கிப் பேட்டர்ன் எடுக்கிற கை உங்களுடையது. வளைந்த உருவம் தட்டைத் தாளுக்கு வரும்போது எங்கே விரியும், எங்கே சுருங்கும் என்பது உங்களுக்குத் தினப்படி பழக்கம். கலைக்கல்லூரியில் முதலாண்டு மாணவருக்குப் புரியவைக்க மாதக்கணக்கு ஆகிற விஷயம் அது. கழித்துப் போட்ட பழைய லாஸ்ட் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வழவழப்பாக, ஒரே நிறத்தில், எந்தப் பக்கம் திருப்பினாலும் புது வளைவு காட்டும் அதைப்போல் நல்ல மாதிரிப் பொருள் கடையில் கிடைக்காது.

டிப்ளமோ, முன்பணம், கல்லூரி

“அரசு அங்கீகாரம்” என்றால் எந்த அரசு, எந்தத் துறை, எந்த உத்தரவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்றும் கேளுங்கள். பெயர் சொன்னால் அது பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா, அந்தப் பாடத்தை இணையவழியில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறதா என்று மானியக் குழுவின் தளத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு கம்பெனியாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்திருப்பதையும், ஐ.எஸ்.ஓ. முத்திரை வாங்கியிருப்பதையும் காட்டி அங்கீகாரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் படிப்பின் மதிப்புக்கும் சம்பந்தமில்லை.

பதில் வராவிட்டாலும், வந்த பதில் விளம்பரத்தோடு ஒட்டாவிட்டாலும், முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் மூன்றையும் இன்றைக்கே பத்திரப்படுத்துங்கள், விளம்பரம் நாளைக்கு மாறிவிடலாம். 15 நாள் கெடு கொடுங்கள். அதன்பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அந்த நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. திரும்பி வராது என்று கையெழுத்துப் போட்டிருந்தால் கொஞ்சம் இழுபறி ஆகும், ஆனாலும் பொய்யான அங்கீகாரத்தைச் சொல்லி வாங்கிய பணத்தை அந்த வரி காப்பாற்றிவிடாது.

கல்லூரி விஷயத்தில் உங்கள் மனதில் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. பட்டம் இல்லாவிட்டால் ஓவியர் ஆகமுடியாது என்று நினைக்கிறீர்கள். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. கும்பகோணத்தில் இன்னொரு அரசுக் கல்லூரி இருக்கிறது. மரபுச் சிற்பமும் கோயில் கட்டடக் கலையும் வேண்டும் என்றால் மாமல்லபுரம். இளங்கலைப் பட்டம் முழுநேரப் படிப்பு, 4 வருடம், பகல் வகுப்பு, நுழைவுக்குச் செய்முறைத் தேர்வு. வயது விதியை அந்தந்த வருட விண்ணப்பக் கையேட்டில் முதல் வேலையாகப் பாருங்கள். விதி இடம் கொடுத்தாலும், சம்பளத்தை விட்டுவிட்டு, மகளை ஊரில் விட்டுவிட்டு 4 வருடம் போவது உங்கள் நிலையில் தேவையில்லை என்பது என் கருத்து. கல்லூரியில் விரிவுரையாளர் ஆக வேண்டுமென்றால் பட்டம் கட்டாயம். படம் எழுத, கண்காட்சிக்கு அனுப்ப, விற்க, யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை.

ஏதாவது ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் வீட்டில் மதிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசை நியாயமானது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடம் இருக்கிறது. டிராயிங் லோயர், டிராயிங் ஹையர் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். தனித்தேர்வராகவே எழுதலாம். கட்டணம் நீங்கள் கட்டவிருந்த தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்குத் தயாராவதும் உங்களுக்கு வேண்டிய பயிற்சியேதான், பொருளை எதிரே வைத்துக் கைப்போக்கில் வரைவது.

வயதைப் பற்றி ஒரு வரி. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனவர். சென்னைக் கலைப்பள்ளியில் அவர் மாணவராகச் சேர்ந்தது 1936-இல், 25 வயதில். பிறகு அதே பள்ளிக்கு முதல்வரானார். 34-இல் கை படியாது என்று உங்களிடம் சொன்னவர் ஓவியம் கற்றவராக இருக்க முடியாது. பேட்டர்ன் கத்தி பிடித்த கை படியாமல் எங்கே போகும்?

எண்ணெய் வண்ணத்தை ஒரு வருடம் பெட்டியில் வையுங்கள்

படம் ஏன் வெடித்தது என்று நீங்கள் கேட்கவில்லை, உங்கள் கை சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். கை காரணமில்லை. முதல் பூச்சில் ஆளி விதை எண்ணெயைத் தாராளமாகக் கலந்ததாகவும், அது வழவழவென்று வந்ததாகவும், நாலாம் நாள் டர்பன்டைனில் நீர்த்த வண்ணத்தை மேலே போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் அதிகமுள்ள பூச்சு மெதுவாக உலரும், உலர்ந்தபின்னும் பல மாதம் அசைந்துகொடுக்கும். மேலே போட்ட மெலிந்த பூச்சு சீக்கிரம் இறுகிவிடும். அடியில் அசைவு, மேலே இறுக்கம், அதுதான் வெடிப்பு. முறை நேர் எதிர்: அடிப்பூச்சு மெலிந்ததாக, மேலே போகப் போக எண்ணெய் கூடியதாக இருக்க வேண்டும். படத்தில் மஞ்சள் பச்சையாக அழுக்கேறியதற்குக் காரணம், கீழே போட்ட பென்சில் கோடு. பென்சிலின் கிராஃபைட் தூள் பெயர்ந்து வண்ணத்தோடு கலந்துவிட்டது. கான்வாஸில் கரிக்கோட்டால் வரைந்து, துணியால் தட்டிவிட்டுத்தான் வண்ணம் தொட வேண்டும்.

தலைவலியை அலட்சியப்படுத்தாதீர்கள். குழந்தை தூங்குகிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு டர்பன்டைன் திறக்கவே கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் அது உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நம்மூர் வெயிலில் இன்னும் ஆபத்து. விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வீட்டுக்கு வெளியே போடுங்கள். வாங்கிய வண்ணம் வீணாகாது. மூடியை இறுக்கி மூடி வைத்தால் டியூபில் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

முதல் 12 வாரம்

இரவு 45 நிமிடம் வீதம் வாரம் ஐந்து நாள், ஞாயிறு 3 மணி நேரம் என்று சொல்லியிருக்கிறீர்கள். 12 வாரத்துக்கு அது 80 மணி நேரத்தைத் தொடும், தாராளம். வாங்க வேண்டியவை: எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில், ஏ3 அளவில் 150 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள் 50, பிசையும் ரப்பர் ஒன்று, கரிக்குச்சி ஒரு பெட்டி, தாளைக் கிளிப் போட்டு மாட்ட ஒரு பிளைவுட் பலகை. விளக்குக்கு ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பும் நீள வயரும். டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி நிழலைக் கரைத்துவிடும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரே பல்பைப் பொருளுக்கு இடப்பக்கம் மேலே சாய்வாகத் தொங்கவிடுங்கள். சார்ட் பேப்பர் வேண்டாம், சீக்கிரம் பழுப்பேறும், ரப்பர் பட்ட இடம் பஞ்சாகும்.

தரையில் தாளை விரித்து வரைகிறீர்கள் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஏழில் ஐந்து படத்தில் நெற்றி நீண்டிருக்கிறது. படுக்கையாக வைத்த தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தள்ளி இருப்பதால் குறுகித் தெரியும், அதை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டி வரையும். பலகையை மடியில் ஊன்றி, எதிரே ஒரு நாற்காலியில் சாய்த்து, பார்வைக்கு நேராக நிறுத்துங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே படம் பாதி சரியாகும்.

முதல் நாலு வாரம் கோடும் அளவும் மட்டும், நிழல் கிடையாது. சொம்பை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு கண்ணை மூடி, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, பென்சில் நுனியைச் சொம்பு வாயின் ஒரு விளிம்பில் வைத்து, மறு விளிம்புக்குக் கட்டைவிரலை நகர்த்துங்கள். அந்த அகலம் சொம்பின் உயரத்துக்குள் எத்தனை தடவை போகிறது? ஒன்றரை என்றால் தாளிலும் ஒன்றரை. முழங்கை கொஞ்சம் மடங்கினாலும், முதுகு சாய்ந்தாலும் அளவு மாறிவிடும், எல்லாரும் முதலில் தவறுவது இங்கேதான். நிமிர்வைச் சரிபார்க்க ஒரு நூலில் நட்டு கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. வாய் விளிம்பு வளையத்தின் இரு முனையும் கூராக வரக்கூடாது, அங்கேயும் வளைவுதான். அடிப்பாக வளையம் வாய் வளையத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும், ஏனென்றால் அது கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. மேஜை தட்டை என்பதற்காக அடியை நேர்க்கோடாகப் போட்டால் சொம்பு அந்தரத்தில் நிற்கும். பிறகு முறம், அரிவாள்மணை, இரண்டு பொருள் சேர்த்து, கடைசியில் லாஸ்ட். தினமும் வரைந்து முடித்ததும் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். கோணல் உடனே தெரியும். தாளில் தேதி போடுங்கள், ஒன்றையும் கிழிக்காதீர்கள்.

அடுத்த நாலு வாரம் நிழல். தாளின் வெண்மை ஒன்று, 6பி-யின் கருமை ஐந்து என்று ஐந்து கட்டம் நிரப்பி, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரம் மறைந்து, ஒளி நிழல் கூட்டம் மட்டும் தெரியும். இதற்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒன்றை வாங்கி வையுங்கள். தோலின் பளபளப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி நடுத்தரம், பிறகு ஆழ்ந்த நிழல், அதற்கும் அப்பால் மேஜையிலிருந்து எதிரொளித்து வரும் மங்கல் வெளிச்சம், மேலே முள் காம்பின் சொரசொரப்பு என்று அஞ்சு பாடம் அதில் இருக்கிறது. அந்த எதிரொளியை வெளிச்சப் பக்கத்து அளவுக்கு வெளுப்பாக்கிவிட்டால் காய் தகரம் மாதிரி ஆகிவிடும். எதிரொளி எப்போதும் நிழலின் குடும்பம்தான். விரலால் தேய்த்து வழவழப்பாக்கும் பழக்கத்தை இந்த நாலு வாரமும் விட்டுவிடுங்கள். உங்கள் முகப்படங்கள் எல்லாம் ரப்பர் பொம்மை போல இருப்பதற்கு அந்தத் தேய்ப்புதான் காரணம்.

கடைசி நாலு வாரம் கரிக்குச்சியில் பெரிய படங்களும், இரண்டே வண்ணத்தில் நீர்வண்ணமும். அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, இரண்டு டியூப் போதும். கலந்தால் கருப்புக்குப் பக்கத்தில் போகும் சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் வெம்மை. 300 ஜி.எஸ்.எம். தாள் வாங்குங்கள், மெல்லிய தாள் சுருளும். கோடையில் நம் பக்கம் பூச்சு தூரிகை எடுப்பதற்குள் காய்ந்து ஓரம் கட்டிவிடும். தாளின் இரண்டு பக்கமும் நனைத்துவிட்டு, காலை 8 மணிக்குள் வேலையை முடியுங்கள். பகல் வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல் நல்லது என்று மேலைநாட்டு நூல்கள் சொல்லும். வேலூரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே வடக்கே சாய்ந்து நிற்கிறது, அந்த மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி எங்கே கிடைப்பார்?

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தேவை அதைவிடச் சின்னது: மாதம் ஒரு மணி நேரம் உங்கள் படத்தைப் பார்த்து, தவறிய இடத்தைத் தொட்டுக் காட்ட ஒருவர். அப்படிப்பட்டவர்கள் குடியாத்தத்திலும் வேலூரிலும் இருக்கிறார்கள். முதலில் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்களை, முக்கியமாகப் பணி ஓய்வு பெற்றவர்களை விசாரியுங்கள். மகளின் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டாலே இரண்டு பெயர் கிடைக்கும். அடுத்து, பேனர் எழுதிய பழைய ஓவியர்கள். தூரிகையை ஒரே இழுப்பில் நிறுத்துவது எப்படி என்று அவர்களைப்போல் காட்ட ஆளில்லை. கோயில் திருப்பணி நடக்கிற இடத்தில் சுதை வேலை செய்கிறவர்களின் பக்கத்தில் அரைநாள் நின்றால் உருவம் எப்படித் திரள்கிறது என்று புரியும். களிமண்ணில் கை வைத்துப் பார்க்க கரிகிரி மண்பாண்டக் கலைஞர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஒருவரிடம் போகுமுன் அவருடைய மாணவர்களின் படங்களைப் பாருங்கள். எல்லாமே ஒரே அச்சாக இருந்தால் அங்கே நகல்தான் நடக்கிறது. உங்கள் படத்தின்மேலேயே வரைந்து திருத்துகிறவரைவிட, ஓரத்தில் சின்னதாக வரைந்து காட்டிவிட்டு உங்களையே திருத்தச் சொல்கிறவர் நல்லவர். மாதக் கட்டணம் கொடுங்கள், வருடப் பணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டாம். இன்னும் சிலர் கூடிப் படிக்கிற வகுப்பாக, கதவு திறந்த இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கூடவே மகளையும் அழைத்துப் போங்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். “என் படம் எப்படி இருக்கு, வழி சொல்லுங்க” என்று கேட்டால் “பயிற்சி பண்ணுங்க” என்பதைத் தவிர எதிராளிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. “இந்தச் சொம்பின் வாய் முன்னால் சாய்ந்தமாதிரி தெரிகிறது, மூன்று தடவை அளந்தேன், எங்கே தவறுகிறேன்?” என்று கேளுங்கள். படத்தோடு, நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்த சொம்பின் போட்டோவையும் வையுங்கள். படத்தை நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் எதிரே நின்று எடுங்கள். மூத்தவர்கள் மௌனமாக இருப்பது பெரும்பாலும் அலட்சியத்தால் இல்லை, எதைப் பிடித்துப் பதில் சொல்வது என்று தெரியாததால்தான்.

இன்னொரு ஆசான் வேலூர்க் கோட்டைக்குள் நிற்கிறார். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும் அசையாமல், ஒரே நிறத்தில், சம்பளம் வாங்காமல் உங்களுக்காக நிற்கின்றன. மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை, பக்கவாட்டு வெளிச்சம் விழும் நேரத்தில் போங்கள். முழுத் தூணையும் வரைய முயலாதீர்கள், ஒரு குதிரையின் தலை மட்டும், கைமுட்டி அளவில். பென்சிலும் நோட்டும் என்றால் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும், ஸ்டாண்டும் பலகையும் கொண்டுபோவதென்றால் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, உங்கள் ஞாயிறுக்குத் தடையில்லை. தெய்வ உருவங்களை வரையும்போது தாலக் கணக்கில் அளந்து பாருங்கள். தலைமுடி ஓரத்திலிருந்து மோவாய் வரையுள்ள முக நீளம் ஒரு தாலம், அதில் 12 அங்குலம். இது உருவத்துக்கு உருவம் மாறும் மரபு அங்குலம், டேப்பில் இருக்கிற இஞ்ச் இல்லை. மொத்த உயரம் பிள்ளையாருக்கு ஐந்து தாலம், பூதகணங்களுக்கு நாலு என்று மரபு. மனிதரை வரைய இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். உச்சந்தலை முதல் அளந்தால் சாதாரண ஆள் ஏழு, ஏழரைத் தலை உயரம்தான்.

பழைய வடஆற்காட்டில் வண்ணமும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையிலும், போளூர்ப் பக்கம் திருமலையிலும் சமண ஓவியங்கள் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கின்றன. காவியும் வெள்ளையும் கொஞ்சம் பச்சையும் சேர்ந்தே எவ்வளவு சொல்ல முடியும் என்று பார்க்கலாம். கையால் தொடாதீர்கள், தண்ணீர் தெளித்துப் பளிச்சென்று பார்க்க முயலாதீர்கள், ஏற்கெனவே உரிந்துகொண்டிருக்கிற சுவர் அது.

சென்னைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் மாலைக்குள் திரும்பலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளுக்கு ஒரு நாள், சோழமண்டலத்துக்கு ஒரு நாள், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சி நடக்கும்போது ஒரு நாள். ஒரே பயணத்தில் மூன்றையும் முடிக்கப் பார்த்தால் கால்தான் வலிக்கும். ஒரு சிலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்கியிருக்கிறீர்கள். ஓவியப் புத்தகத்தில் பாதி படம்தான். ஹரால்ட் ஸ்பீட் 1913-இல் எழுதிய, வரைவதைப் பற்றிய நூல், பழைய நூல்களைத் தரும் குட்டன்பர்க் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு பத்தியைச் செல்போனில் மொழிபெயர்த்துக்கொண்டு படத்தோடு ஒப்பிட்டால் விஷயம் பிடிபடும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகிறது, ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகமும் அப்படியே. மாதம் ஒரு பழைய மேதையின் கோட்டோவியத்தை இறக்கி, ஏ3-யில் அச்சிட்டு, கட்டம் போடாமல் பார்த்து வரையுங்கள். எத்தனை காணொளி பார்த்தாலும் பார்த்த நேரத்துக்கு இரண்டு மடங்கு வரைந்திருக்க வேண்டும், அதற்கு மேல் பார்க்காதீர்கள்.

மகளும் கூடவே உட்கார்ந்து கிறுக்குகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கலை பண்பாட்டுத் துறை மாவட்டங்களில் நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுக் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறார்கள், கட்டணம் சொற்பம், வகுப்பு பெரும்பாலும் சனி, ஞாயிறில். கோட்டைக்குப் போகிற ஞாயிறில் வேலூர் மன்றத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள். அங்கே இருக்கிற ஓவிய ஆசிரியரிடம் உங்கள் சொம்புப் படங்களில் ஐந்தைக் காட்டுங்கள். 12 வாரம் முடிந்ததும் முதல் வாரத்துத் தாள் ஒன்று, கடைசி வாரத்துத் தாள் ஒன்று, லாஸ்ட் வரைந்தது ஒன்று என மூன்றை எனக்கு அனுப்புங்கள். எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அடுத்த மூன்று மாதத்துக்கு எழுதுகிறேன்.